எதிர்ப்பட்டவர்கள்: மும்பைத் தமிழரின் ஒரு கதைவகை குறித்து

மும்பைத் தமிழர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய உட்காரும் எவருக்கும் ஒரு கதைவகை தவறாமல் வந்து சேர்கிறது. குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, முதல் வேலை எங்கே என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சு திடீரென்று வழிமாறும். செம்பூர் ஆர்.கே. ஸ்டுடியோ வாசலில் ராஜ் கபூரைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தது, மாட்டுங்கா ஓட்டலில் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் எதிர் இருக்கையில் அமர்ந்து இட்லி சாப்பிட்டது, சண்முகானந்தா அரங்கின் வாசலில் எம்.எஸ். சுப்புலட்சுமி காரிலிருந்து இறங்கியது. ஊர்ப்பெயரையும் ஆண்டையும் தட்டுத்தடுமாறி நினைவுகூர்ந்தவர், இதைச் சொல்லும்போது மட்டும் புடவையின் நிறம்வரை துல்லியமாகச் சொல்வார். கேட்பவர் பொறுமையாகத் தலையசைப்பார்; ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அந்தப் பகுதியை நீக்கிவிடுவார். ஆய்வேட்டில் நட்சத்திரங்களைப் பார்த்த கதைக்கு இடம் ஏது?

இந்த நீக்கம் தமிழரின் நகர்சார் வரலாற்றுக்கு ஒரு நல்ல சான்றுத் தொகுதியை இழக்கச் செய்கிறது. அக்கதைகளில் முக்கியமானது யாரைப் பார்த்தார் என்பதன்று. பார்த்தவர் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தார், அந்த இடத்தில் நிற்க அவருக்கு எப்படி வாய்த்தது என்பதே முக்கியம். புகழ்பெற்றவர்கள் எதிர்ப்படுவதைத் 'தற்செயல்' என்கிறோம். அந்தத் தற்செயல் நகரெங்கும் சமமாகப் பெய்யும் மழையன்று. மாட்டுங்காவில் அது ஒருவிதம், செம்பூரில் இன்னொருவிதம், தாராவியில் அது அநேகமாக இல்லவே இல்லை.

முதலில் சொல்லைக் கவனிக்கலாம். தமிழர் இக்கதைகளைச் சொல்லும்போது 'சந்தித்தேன்' என்பதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. 'பார்த்தேன்' என்பதே வழக்கு. அழுத்தம் வேண்டுமானால் 'நேரில் பார்த்தேன்', 'கிட்டத்தில் பார்த்தேன்'. சந்திப்பு இருவருக்கு உரியது, பார்வை ஒருவருக்கு மட்டும் உரியது. டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-ல் வானொலி, தொலைக்காட்சி நேயர்களைப் பற்றி எழுதியபோது, மறுமொழி இல்லாத இந்த நெருக்கத்துக்குப் புதிதாக ஒரு பெயர் சூட்ட வேண்டியிருந்தது. தமிழுக்கு அந்தத் தேவை எழவில்லை. கோயில் வழியாக வந்த 'தரிசனம்' ஏற்கெனவே கையிருப்பில் இருந்தது. பார்க்கப்படுபவர் நம்மைத் திருப்பிப் பார்த்தாரா என்பது தரிசனத்தில் ஒரு பேறு, கட்டாயமன்று.

திருப்பிப் பார்க்காமையிலும் சுவை உண்டு. முன்னாள் செஸ் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் தாமே சொல்லிவரும் ரயில் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடன் பயணித்த பெரியவர் ஒருவர் 'என்ன செய்கிறாய்' என்று கேட்டிருக்கிறார். செஸ் ஆடுவதாக ஆனந்த் சொன்னதும், விளையாட்டை நம்பிப் பிழைக்க முடியாது, விஸ்வநாதன் ஆனந்தாக இருந்தாலொழிய, என்று அறிவுரை கூறியிருக்கிறார். இக்கதையைப் பெரியவர் சொல்லவில்லை, ஆனந்த் சொல்கிறார். அடையாளம் காணப்படாமை புகழ்பெற்றவருக்கு ஒரு வேடிக்கை. மற்றவருக்கு அது அன்றாட நிலை.

இனி மாட்டுங்கா. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் மரங்களும் மூன்று மாடிக் குடியிருப்புகளுமாக அந்த டிரஸ்ட் உருவாக்கிய புறநகரில், அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் குடியேறின. 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது, 1942-ல் ஏ. ராம நாயக் ரயில் நிலையத்தருகே உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கினார். 1952-ல் சண்முகானந்தா சபை உருவானது, 1963-ல் அதன் அரங்கம் கிங்ஸ் சர்க்கிள் அருகே திறக்கப்பட்டது. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த அரங்கம் 1990-ல் தீக்கிரையாகி, 1998-ல் மீண்டும் எழுந்தது. பள்ளி, சாப்பாடு, சங்கீதம், கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். ஒரே தெருவைத் தினமும் பலமுறை கடக்கும் வாழ்க்கையில் எதிர்ப்படுதல் இயல்பாகவே மிகும்.

இதில் உடுப்பி ஓட்டலின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாட்டுங்காவின் பழைய ஓட்டல்களில் மேசை ஒருவருக்குச் சொந்தமில்லை. நால்வர் மேசையில் இருவர் இருந்தால் மீதி இரண்டு இருக்கைகளுக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து அமர்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கபே மெட்ராஸ் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்திருக்க வேண்டும். அழைக்கும்போதுதான் உள்ளே போகலாம். அந்தப் பட்டியலில் எவ்வளவு பெரிய பெயரும் ஒரு வரிதான். மாட்டுங்காவில் இருந்த வேதித் தொழில்நுட்பத் துறையில் படித்தபோது கபே மைசூரில் சாப்பிட்டுப் பழகியதை முகேஷ் அம்பானி இன்றும் நினைவுகூர்வதாகச் செய்திகள் வருகின்றன. அந்நாளில் அவருக்கு எதிரே உட்கார்ந்து மசால் தோசை தின்ற யாரோ ஒருவர், யார் எதிரே உட்கார்ந்தோம் என்றே அறியாமல் ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

இப்படி எதிர்ப்படுபவரை வெறித்துப் பார்க்காமல், கவனித்தும் கவனியாதவர்போல இருப்பதை எர்விங் காஃப்மன் 1963-ல் நகர வாழ்வின் அடிப்படை ஒழுக்கங்களில் ஒன்றாக எழுதினார். நாகரிகமான பாராமுகம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பம்பாய்க்காரர்களின் பெருமிதங்களுள் இதுவும் ஒன்று. சென்னையாக இருந்தால் கூட்டம் கூடியிருக்கும், இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லி மகிழ்வார்கள். திரும்பிப் பார்க்காததையே ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு முரண் உண்டு, அது இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு. பாராமுகம் காட்டுவதற்கு முதலில் அதே அறைக்குள் இருக்க வேண்டும். இட்லிக்குக் காசும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும், உள்ளே நுழைந்தால் யாரும் ஏற இறங்கப் பார்க்காத உடையும் வேண்டும். மாட்டுங்காவின் சமத்துவம் உண்மையானதுதான். அது மேசைக்கு வந்து சேர்ந்தவர்களிடையே நிலவிய சமத்துவம்.

மாட்டுங்கா என்ற பெயரை இன்னோர் இடமும் சுமக்கிறது. ரயில் பாதைக்கு மேற்கே, தாராவியை ஒட்டி, மாட்டுங்கா லேபர் கேம்ப். மராத்தி எழுத்தாளரும் மக்கள் பாடகருமான அண்ணாபாவு சாட்டே அங்குள்ள தொழிலாளர்களிடையே வாழ்ந்தார். 1940-களில் அமர் ஷேக்குடனும் கவாண்கருடனும் சேர்ந்து அவர் நடத்திய செங்கொடிக் கலைக்குழு தொழிலாளர் குடியிருப்புகளில் பாடியது. 'ஃபகீரா' நாவலை எழுதியவர், இன்று மகாராஷ்டிரத்தில் சிலைகளும் அரசு விழாக்களும் பெற்றவர். பாதைக்குக் கிழக்கே குடியிருந்த தமிழர்களின் எதிர்ப்படல் கதைகளில் பிருத்விராஜ் கபூர் வருவார், அவரும் மாட்டுங்காவாசிதான். அண்ணாபாவு சாட்டே வருவதில்லை. இரண்டு இடங்களுக்கும் இடையில் இருப்பது ஒரு ரயில் பாதையும் அதைக் கடக்கும் ஒரு பாலமும் மட்டுமே. யார் புகழ்பெற்றவர் என்பதையும் கேட்பவர் நிற்கும் பக்கமே முடிவு செய்கிறது.

செம்பூரில் வேறு வகை. அங்கே புகழுக்கு ஒரு வாசற்கதவு இருந்தது. ராஜ் கபூர் 1948-ல் ஆர்.கே. பிலிம்ஸைத் தொடங்கி, பின்னர் செம்பூரில் ஸ்டுடியோவைக் கட்டினார். வீடும் அருகே தேவ்னாரில். ஹோலிக் கொண்டாட்டம் மதிலுக்கு உள்ளே நடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.கே.யின் கணபதி கரைக்கப் புறப்படும்போது கபூர் குடும்பம் சாலையில் நடந்து வந்தது. டிராம்பே ஆலைகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் வேலைக்குப் போன தமிழர்களுக்கு அந்த வாசல் பேருந்து வழியில் தட்டுப்படும் ஓர் அடையாளம். ஆகவே செம்பூர்க் கதைகளில் மேசை கிடையாது. மதில், கதவு, கார்க் கண்ணாடி உண்டு. மறுபுறம், செம்பூரின் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து சங்கர் மகாதேவனும் வித்யா பாலனும் வந்தார்கள். அவர்களைப் பற்றிய கதைகள் 'பார்த்தேன்' என்று முடிவதில்லை. 'எங்கள் பள்ளிதான்', 'அந்தக் கட்டடம்தான்' என்று முடியும். புகழுக்கு முந்தைய பழக்கத்தை அண்டை வீட்டார் மட்டுமே சொல்ல முடியும். 2017 செப்டம்பரில் ஸ்டுடியோ தீப்பிடித்தது. 2019-ல் கோத்ரெஜ் நிறுவனம் இடத்தை வாங்கியது. வாசலில் நின்றவர்களின் கதை இப்போது இல்லாத ஒரு வாசலைப் பற்றியதாகிவிட்டது.

தாராவிக்கு வரும்போது வகைப்பாடே உடைந்துபோகிறது. அங்கே புகழ்பெற்றவர் எதிர்ப்படுவதில்லை. அவர் முன்கூட்டித் திட்டமிட்டு, காவல் வண்டி முன்னே வர, ஒளிப்படக்காரர் பின்னே வர, வந்து போகிறார். ரேஷன் கடை வரிசையில் ஒரு நடிகர் பின்னால் நிற்க மாட்டார். குழாயடியில் ஒரு பாடகி குடத்தோடு காத்திருக்க மாட்டார். தாராவிக்குப் புகழ் மற்றொரு பாதையில் வந்தது.

வரதராஜ முதலியாரின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். விக்டோரியா டெர்மினஸில் போர்ட்டராகத் தொடங்கியவர், கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் வளர்ந்தவர், மாட்டுங்கா நிலையத்தருகே ஆண்டுதோறும் பெரும் கணபதிப் பந்தல் போட்டவர். அந்தச் சாராயத்தைக் குடித்தவர்களும் கூலிகளே, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் கூலிகளே. இதை மறந்துவிட்டு அவரைக் காவல் தெய்வமாக எழுதும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருப்பது வருத்தத்துக்குரியது. 1970-களில் பம்பாயில் நிர்வாகவியல் படித்த மணிரத்னம், மாட்டுங்காவில் மக்கள் இவரைக் கடவுள்போலப் பேசியதையும், அது ஏன் என்று தாம் வியந்ததையும் பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' அந்த வியப்பிலிருந்து பிறந்தது. ஒரு மாணவர் காதில் விழுந்த பேச்சு, எதிர்ப்படலின் மிக மெல்லிய வடிவம், தமிழ் சினிமாவின் போக்கையே மாற்றிய படமாயிற்று.

மாட்டுங்காவில் கேட்ட பேச்சு திரையில் தாராவியாக மாறியது. அந்தத் தாராவியின் பெரும்பகுதியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பினார். காவல்துறை நெருக்கடியால் பம்பாயை விட்டு வெளியேறியிருந்த முதலியாரும் அப்போது சென்னையில்தான் இருந்தார். படம் வெளியான சில மாதங்களில், 1988 ஜனவரியில், அங்கேயே இறந்தார். கதையின் மூலவர் சென்னையில், கதைக்களம் சென்னையில், நடிகர்கள் சென்னையில். தாராவியில் இருந்தவர்கள் டிக்கெட் வாங்கித் தங்கள் தெருவைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து பா. ரஞ்சித்தின் 'காலா'வுக்கும் பெரும்பகுதி தாராவி சென்னைக்கு அருகேதான் எழுந்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. டோப்அடெலிக்ஸ் என்ற தாராவி ராப் குழுவினர் அந்தப் படத்தின் பாடல்களில் தங்கள் குரலோடும் பெயரோடும் வந்தார்கள். எதிர்ப்படல் முதன்முறையாகத் திசைமாறியது: இளைஞர்கள் தாராவியிலிருந்து புறப்பட்டு ரஜினிகாந்தின் படத்துக்குள் சென்றார்கள். 'காலா'வின் அரசியலை விவாதித்த எத்தனையோ கட்டுரைகளில் இச்செய்தி ஓர் அடைப்புக்குறிக்குள் வந்துபோனது வியப்புக்குரியது.

இன்னொரு தலைகீழாக்கமும் நிகழ்ந்தது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்றதற்குச் சில ஆண்டுகள் முன்பே தாராவிக்குள் வழிகாட்டிகளோடு நடைச் சுற்றுலா தொடங்கிவிட்டது. 2019-ல் டிரிப்அட்வைசர் தளத்தின் பயணிகள் தேர்வில் தாராவிச் சுற்றுலா தாஜ் மகாலையும் விஞ்சியதாகச் செய்தி வந்தது. ஒளிப்படம் எடுக்கலாகாது என்று விதி வைத்துள்ள நிறுவனங்கள் உண்டு, அது பாராட்டத்தக்கது. ஆயினும் பார்வையின் அமைப்பு மாறவில்லை. ஊருக்குத் திரும்பும் பயணி 'தாராவியைப் பார்த்தேன்' என்று சொல்கிறார், செம்பூர் வாசலில் நின்றவர் 'ராஜ் கபூரைப் பார்த்தேன்' என்று சொன்ன அதே தொனியில். அப்பளம் காயவைக்கும் பெண் அந்தக் கதையில் புகழ்பெற்றவரின் இடத்தில் இருக்கிறார், பெயர் மட்டும் இல்லாமல். நட்சத்திரத்துக்கு மதில் உண்டு, கறுப்புக் கண்ணாடி உண்டு, வேண்டாமென்றால் பின்வாசல் உண்டு. அவருக்கு வாசற்படியும் தெருவும் ஒன்றே.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய நூல், திரைப் பிம்பம் ஏழைகளின் சம்மதத்தை எப்படித் திரட்டியது என்று விளக்கியது. அதற்குப் பின் வந்த தமிழ் ரசிகர் ஆய்வுகள் பெரும்பாலும் மன்றம், கட்அவுட், வாக்குச்சாவடி என்ற பாதையிலேயே சென்றுவிட்டன. தெருவில் எதிர்ப்படும் சாதாரணக் கணம் ஆய்வுப்பொருளாகவில்லை. அதற்கான கருவி தமிழ்ச் சமூகத்தின் கைக்குள்ளேயே இருக்கிறது: தேரோட்டம். கருவறைக்குள் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து வீதியில் காட்சி தருகிறார் என்பது கோட்பாடு. எந்த வீதி என்பதுதான் வரலாறு. தேர் நான்கு மாடவீதிகளைச் சுற்றும், சேரிக்குள் திரும்பாது. கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமைக்காக எழுந்த சிக்கல் கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டதை நினைத்துப் பார்த்தால், 'தற்செயலாக எதிரே வந்தார்' என்ற வாக்கியத்தில் எவ்வளவு முன்னேற்பாடு இருக்கிறது என்பது புலப்படும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். நினைவு பொய் சொல்லும், நட்சத்திரக் கதைகளில் மிகையே அதிகம், எம்.எஸ். புன்னகைத்தாரா, வேறு யாரையோ பார்த்துப் புன்னகைத்தாரா என்பதை யார் சரிபார்ப்பது? சரிபார்க்கத் தேவையில்லை. புன்னகை மிகையாக இருக்கலாம். அன்று மாலை அரங்கின் வாசலில் நின்றதற்குச் சொல்லப்படும் காரணம் மிகையாக இருப்பது அரிது, ஏனெனில் அதை யாரும் அலங்கரிக்க முயல்வதில்லை. ஆகவே மாணவர்கள் 'யாரைப் பார்த்தீர்கள்' என்பதோடு நின்றுவிடாமல், 'அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஷிப்டு நேரம் வெளிவரும், பேருந்துக் காசை மிச்சப்படுத்த நடந்த தூரம் வெளிவரும், சபா வாசல்வரை போயும் உள்ளே போகச் சீட்டு இல்லாதது வெளிவரும், உடன் வந்திருந்த தங்கையை வீட்டில் ஏன் திட்டினார்கள் என்பது வெளிவரும். பெண்களிடம் கேட்கும்போது இந்த வகைக் கதைகள் குறைவாகக் கிடைப்பதும் ஒரு சான்றே. தெருவில் காரணமின்றி நிற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதை அது காட்டுகிறது.

தாராவியில் இக்கேள்வியை உடனே கேட்டாக வேண்டிய நிலை. 2022 நவம்பரில் மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. 2024 முதல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணத்தால் நிறுவுபவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் வேறு இடம், வேறு விதிகள். ஆவணம் என்றால் மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை. பிறந்த தேதியையே எவரும் எழுதிவைக்காத குடும்பங்கள் காலத்தை வேறு விதமாகக் குறித்து வைத்திருக்கின்றன: 'நாயகன்' வந்த தீபாவளிக்கு முந்தைய மழையில் கூரை போனது, கலவரத்துக்கு மறு ஆண்டு மூத்தவனைக் காமராஜர் பள்ளியில் சேர்த்தது, முதலியார் பந்தலில் மின்விளக்கு பார்க்கக் கைக்குழந்தையோடு போனது. கணக்கெடுப்பாளரின் கையிலுள்ள படிவத்தில் இவற்றை எழுத இடமில்லை. அது அவர் குற்றமன்று. எழுத இடமுள்ளவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். மாட்டுங்காவின் நினைவுகள் சபா மலர்களிலும் பள்ளிப் பொன்விழா மலர்களிலும் அச்சேறிவிட்டன. 90 அடிச் சாலையின் சந்துகளில் அவை இன்னும் பேச்சாகவே இருக்கின்றன, அந்தப் பேச்சுக்குச் சாட்சியான கதவு எண்கள் சுவரில் இருக்கும்வரை.